பின் சக்கரங்களுக்கு ஒரு பூட்டு

செப்டம்பர் 14, ஞாயிறு

வண்டி வந்து பத்து நாள் ஆகிறது. உத்தர வீதியில் எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பழைய பிக்கப். முன்னால் நாலு பேர் உட்காரலாம், பின்னால் சாமான் ஏற்றலாம். ரிட்டயரான மனுஷனுக்கு எதற்கு இந்த லாரிக் குட்டி என்று தெருவே கேட்கிறது. வல்லியின் முழங்காலுக்காக என்கிறேன். அது பொய்யில்லை. மூன்று வருஷமாக மாதம் ஒரு தடவை பஸ் ஏறி, துறையூரில் மாறி, பச்சைமலை மேலே போய் எங்கள் பெண் அம்ருதாவைப் பார்த்துவிட்டு வந்தாள். கடைசி ஒன்றரை கிலோமீட்டர் செம்மண் ஏற்றம், நடந்துதான் போகவேண்டும். ஆடியில் முழங்கால் வீங்கியது. அதோடு நின்றது.

நான் ஒரு தடவைகூடப் போனதில்லை.

மழைக்காலத்தில் அந்த ஏற்றத்தில் இந்த வண்டி ஏறுமா? காலையிலிருந்து ஊஞ்சலில் உட்கார்ந்து போனில் அதைத்தான் படிக்கிறேன். பின் அச்சு நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது. வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற அது வழிவிடும். ஆனால் ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், எஞ்சினின் சுற்றெல்லாம் வழுக்குகிற சக்கரத்துக்கே போகும். கெட்டித் தரையில் இருப்பது சும்மா நிற்கும். திருவெறும்பூர் ஆலையில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவனுக்கு இது புரியாதா! இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்ட ஒரு லாக் வேண்டும். எந்த லாக் என்பதில்தான் குழப்பம்.

செப்டம்பர் 21

பால்பண்ணைப் பக்கம் ஜாவித்தின் பட்டறை. வண்டியின் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு மூன்று வழி சொன்னார். தானாகப் பூட்டிக்கொள்வது ஒன்று; விலை குறைவு, வளைவில் டக் டக் என்று சத்தம் வரும். ஸ்விட்ச் போட்டால் கரண்டில் பூட்டுவது இன்னொன்று. காற்றழுத்தத்தில் பூட்டுவது மூன்றாவது. அதற்கு ஒரு கம்ப்ரெஸரும் வேண்டும்.

"அந்த ஒன்றரை கிலோமீட்டருக்கா சார் இவ்வளவு? சக்கரம் சுத்துனா ஹேண்ட்பிரேக்கை லேசா இழுத்துப் பிடிச்சுக்கிட்டே ஆக்ஸிலேட்டர் கொடுங்க. வழுக்குற சக்கரம் கொஞ்சம் அடங்கும், மத்தது இழுக்கும். போயிரலாம்."

தர ஆய்வில் இருந்தவனிடம் ஒப்பேற்றுகிற வித்தை சொல்கிறார். எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 23

தானியங்கியா, ஸ்விட்சா? ரசத்தில் உப்பில்லை என்று வல்லி சொல்லித்தான் தெரிந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

அக்டோபர் 5

அம்ருதா போன் செய்தாள். எப்போதும் போல வல்லிக்கு. மலையில் சொந்தமாக வீடு கட்டி முடித்துவிட்டார்களாம். டிசம்பர் 10 பால் காய்ச்சுகிறார்கள்.

வல்லி போனை வைத்துவிட்டு ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்னா, இதை அவளுக்குக் கொடுத்துடலாமா? குழந்தையிலேர்ந்து இதுலதானே கிடப்பா. வண்டிதான் இருக்கே."

லாக் மாட்டட்டும் என்றேன்.

மூன்று வருஷம் முன்னால் இதே ஊஞ்சலில் உட்கார்ந்துதான் சொன்னேன், உன் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று. அந்தப் பையன் ஆசீர் மலையில் வாத்தியார், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன். இவள் கால்நடை டாக்டராகப் போன இடத்தில் பழக்கம். அவள் கத்தவில்லை, அழவில்லை. "சரிப்பா. நீயா என் ஆத்துக்கு வர்ற வரைக்கும் நானும் இங்க வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். சொன்னபடியே வரவில்லை. என் பெண்ணாயிற்றே, எங்கே போகும் பிடிவாதம்.

அக்டோபர் 9

மத்தியானம் ஊஞ்சலிலேயே கண் அயர்ந்தேன். மலை ஏறுகிறேன். பனி கண்ணாடியில் வந்து படிகிறது. மரவள்ளிக் காடு இரண்டு பக்கமும் ஈரமாக நிற்கிறது. ஸ்விட்சைத் தட்டுகிறேன், அடியில் எங்கோ 'டக்' என்று பூட்டு விழுகிறது, வண்டி தண்ணீரில் மிதப்பது போல ஏறுகிறது. வளைவு, இன்னொரு வளைவு, மறுபடியும் வளைவு. மேலே ஒரு வீட்டில் விளக்கு தெரிகிறது. போகப் போக அது அதே தூரத்தில்தான் இருக்கிறது. எனக்கு அவசரமும் இல்லை. அப்படியே போய்க்கொண்டிருக்கலாம் போல இருந்தது.

கதவு வரைக்கும் எந்தக் கனவிலும் போவதில்லை. போனால் என்ன சொல்வேன்?

அக்டோபர் 19

தானியங்கி என்று முடிவு செய்தேன். ஈரத் தார் ரோட்டில் வண்டியின் பின்பக்கத்தை இழுத்துவிடும் என்று எவனோ எழுதியிருந்தான். வேண்டாம். காற்றழுத்தம்? குழாய் கசியும். வேண்டாம்.

வல்லி காய் நறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "ஆசீரை ஒரு தடவைகூடப் பாக்காம வேண்டாம்னேள். இந்த இரும்புத் துண்டை ஒரு மாசமாப் பாத்துண்டே இருக்கேள்."

போனில் அடுத்த பக்கத்தைத் திறந்தேன்.

நவம்பர் 2

காலை நடை. கீழச் சித்திரை வீதியில் தேர் நிற்கிறது. சக்கரத்தின் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றேன். தேருக்கு டிஃபரன்ஷியலும் இல்லை, லாக்கும் இல்லை. மூலையில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தே திருப்பிவிடுகிறார்கள். பழைய தேரோட்டம் ஒன்று நினைவுக்கு வந்தது: அம்ருதாவுக்கு ஏழு வயசு, என் தோளில் உட்கார்ந்திருக்கிறாள். "அப்பா, ஒரு பக்கத்தை நிறுத்தினாதான் திரும்புமா?" ஆமாம்டி என்றேன். அவள் காலில் இருந்த கொலுசு என் சட்டைப் பையில் மாட்டிக்கொண்டது. வெயில் ஏறியதுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன். பூக்காரி, "மாமா, நகருங்க, வண்டி வருது" என்றாள்.

அங்கிருந்தே ஜாவித்துக்குப் போன் செய்து ஸ்விட்ச் வகைக்கு ஆர்டர் கொடுத்தேன்.

நவம்பர் 18

லாக் வந்தது. பொருந்தவில்லை. நம் அச்சின் முனையில் இருக்கிற பல் எண்ணிக்கை வேறு. திருப்பி அனுப்பி மாற்று வர ஐந்து வாரமாம். டிசம்பர் 10 தாண்டிவிடும்.

ஜாவித் வருத்தப்பட்டார். எனக்கு — எழுதிவிடுகிறேன், இங்கேயும் பொய் எதற்கு — எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பட்டறையிலிருந்து காவேரிப் பாலம் வரைக்கும் அந்தச் சந்தோஷம் இருந்தது. பாலத்தில் பாதியில்தான் உறைத்தது.

சீ. சேறாவது வழுக்கலாவது. பயம்டா உனக்கு. பொண்ணு கதவைத் தொறந்து "என்னப்பா"ன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு பயம். அதுக்கு ஒரு இரும்பைத் தேடிண்டு அலையறே.

டிசம்பர் 4

மழை. வல்லி பையில் புடவை எடுத்து வைக்கிறாள். "நான் பஸ்லயே போயிக்கறேன். ஊஞ்சலை நீங்களே வச்சுண்டு ஆடுங்கோ." முழங்காலுக்குத் துணி சுற்றியிருக்கிறாள். கோபத்தில் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன்.

டிசம்பர் 9

ஊஞ்சலைக் கழற்றினேன். பலகையை மட்டும் தூக்கி வண்டியில் ஏற்ற நாலு பேர் வேண்டியிருந்தது.

டிசம்பர் 10

விடிவதற்கு முன் கிளம்பினோம். துறையூர் தாண்டியதும் தூறல். மலைப்பாதையில் பனி, நான் கனவில் பார்த்த அதே பனி. வல்லி மடியில் பால் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

செம்மண் ஏற்றத்தில் முக்கால்வாசி ஏறினோம். வீடு தெரிந்தது. மஞ்சள் சுவர், வாசலில் வாழை மரம். அங்கே இடது சக்கரம் வழுக்க ஆரம்பித்தது. சேறு வாரி இறைக்கிறது, வலது அசையவில்லை. படித்தது அத்தனையும் கண் முன்னால். அப்படியே பின்னால் இறங்கித் திரும்பிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வல்லி என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹேண்ட்பிரேக்கை லேசாக இழுத்துப் பிடித்தேன். மெதுவாக ஆக்ஸிலேட்டர். சக்கரம் முனகியது. வண்டி ஒரு சாண் நகர்ந்து நின்றது. பின்கண்ணாடியில் பார்த்தால் ஒல்லியாக ஒருவன், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டிக்குத் தோள் கொடுத்துத் தள்ளுகிறான். முகமெல்லாம் சேறு. ஆசீரை நான் முதலில் பார்த்தது அந்தக் கண்ணாடியில்தான்.

பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினாள் அம்ருதா. இறக்கினேன். நனைந்திருந்தாள்.

"பிரேக்கை விடாதப்பா. அப்படியே பிடிச்சுண்டு குடு. வரும்."

வந்தது. வலது சக்கரம் பிடித்துக்கொண்டு மேலே ஏற்றிவிட்டது. அம்ருதா ஜன்னலில் கை வைத்தபடி கூடவே நடந்து வந்தாள். நான் அழுதேன். மழை என்று சொல்லவும் வழியில்லை, வண்டிக்குள் இருந்தேன்.

கதவருகில் என்ன சொல்வது என்று மூன்று வருஷம் யோசித்தேனே, சொன்னது இவ்வளவுதான்: "லாக் இல்லாமயே வந்துட்டேன்."

"தெரியும்பா, அம்மா சொன்னா. உள்ளே வா, கால் அலம்பு."

டிசம்பர் 29

நாளை வைகுண்ட ஏகாதசி. வீட்டில் கூட்டம். ஊஞ்சல் தொங்கிய கொக்கிகள் காலியாக இருக்கின்றன. கீழே ஜமக்காளத்தில் அம்ருதா படுத்துத் தூங்குகிறாள். முந்தாநாள் வந்தாள், வாசலில் நின்று "வரலாமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். ஆசீர் வாசலில் வண்டிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருக்கிறார்.

சற்று முன் ஜாவித் போன். "சார், மாத்து லாக் வந்திருச்சு. மாட்டிரலாமா, திருப்பி அனுப்பிரலாமா?"

"மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.