அறுபத்து மூன்றாம் பக்கத்தில் உன் பெயர்

லோத்குண்டா,
செகந்திராபாத்.
20.8.2006

அன்பு மகன் ஃபெலிக்ஸுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் அப்பாவும் நானும் சௌக்கியம், நீயும் டல்லாஸில் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் லிஃப்ட் இருக்கிற இடத்திலும் படியேறித்தான் போவேன் என்கிறார்.

மக்களே, போனில் பாதி சொல்லி விட்ட விஷயத்தை முழுசாகச் சொல்கிறேன். நம்ம ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் நாலு வருஷம் பாடம் எடுத்த உமாசங்கர் சைனிக்புரியில் சொந்தமாக கிளாஸ் ஆரம்பித்தான் இல்லையா, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, குத்துவிளக்கு ஏற்றி வைத்ததே நான்தான். போன மாதம் அங்கிருந்து தாரிணி என்று ஒரு பெண் நம்மிடம் வந்து சேர்ந்தாள். கால் சென்டர் இன்டர்வியூவுக்குத் தயாராகிறவள். அவள் பையில் உமாசங்கர் பெயர் போட்ட பாடப் புத்தகம் இருந்தது. அட்டைதான் வேறே, உள்ளே முழுக்க நான் ராத்திரியும் பகலுமாக எழுதின பயிற்சிகள். உதாரண வாக்கியங்களில் உன் பெயர் வந்த இடத்திலெல்லாம் கிரண் என்று மாற்றியிருந்தான், அறுபத்து மூன்றாம் பக்கத்தில் மட்டும் விட்டுவிட்டான். அந்த வாக்கியத்தில் மௌலா அலி ஸ்டேஷனில் டிபன் பாக்ஸைத் தொலைத்துவிட்டு ஃபெலிக்ஸ் அங்கேயே அழுதுகொண்டு நிற்கிறான். அவளிடம் கேட்டு வாங்கி அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அப்பா வழக்கம்போல, நக்கோ ரோஸ்லின், வேண்டாம், நமக்கு எதுக்கு வம்பு, வேறே புத்தகம் எழுதிக்கோ என்றார். நான் கேட்கவில்லை. வக்கீல் கல்பகத்திடம் போனேன். எழுதின நாளிலிருந்தே அது உங்களுக்குச் சொந்தம், ஆனால் காப்பிரைட் பதிவு செய்து வைத்திருந்தால் நிரூபிக்கச் சுலபமாக இருந்திருக்கும் என்று சொன்னாள். என் பழைய நோட்டுகளையும் அச்சகத்தில் 2002-ல் கொடுத்த தேதி போட்ட ரசீதையும் பார்த்த பிறகு, இது போதும் என்று நோட்டீஸ் அனுப்பினாள்.

நாலாம் நாள் உமாசங்கர் வீட்டுக்கே வந்தான். மேடம், இங்கிலீஷ் கிராமர் யாருக்காவது சொந்தமா என்று கேட்டான். கிராமர் எனக்குச் சொந்தமில்லை தம்பி, ஆனால் ஃபெலிக்ஸ் என் பிள்ளை, உன் புத்தகத்தில் அவனுக்கு என்ன வேலை என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். டெலிபோனில் பேசுகிற பாடம் மட்டும் நான் எழுதினது மேடம் என்று மெதுவாகச் சொன்னான். அது உண்மை மக்களே. நம்ம புத்தகத்தில் அந்தப் பன்னிரண்டு பக்கமும் அவன் எழுதினதுதான், எங்கேயும் அவன் பெயரை நான் போடவில்லை. அத்தனை நாள் கோபத்தில் எனக்கு அது ஞாபகமே வரவில்லை, வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் போய்க் கேட்டதற்கு, சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதினதால் சட்டப்படி அதுவும் உங்களுடையதாகத்தான் இருக்கும் என்றாள் கல்பகம். யார் எழுதினது என்று எனக்குத் தெரியுமே என்றேன். கடைசியில் பத்திரத்தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு இன்டர்வியூ முடியும்வரை புத்தகம் அவர்களிடம் இருக்கட்டும், மிச்சப் பிரதிகளை அவன் நம்மிடம் தந்துவிட வேண்டும். நம்ம புதுப் பதிப்பில் அந்தப் பாடத்துக்கு மேலே அவன் பெயர் வரும், தன் கிளாஸிலும் அதை அவன் நடத்திக்கொள்ளலாம். பதிவுக்கும் மனு போட்டாயிற்று. இனி நம்மிடம் சேருகிற டீச்சர்கள் பாடப் புத்தகம் கிளாஸுக்குச் சொந்தம் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சேருவார்கள், அவர்கள் எழுதுகிற பாடத்துக்கு அவர்கள் பெயரும் போடுவேன்.

நீயும் உன் சிநேகிதன் சம்பந்தமும் சேர்ந்து கம்பெனி ஆரம்பிக்கப் போவதாகச் சொன்னாயே, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். எந்த வேலை யாருடையது என்று சிநேகிதம் நன்றாக இருக்கிறபோதே எழுதிக்கொள்ளுங்கள், சங்கடப்படாதே. இப்போது வேலை பார்க்கிற ஆபீஸில் எழுதின புரோகிராமில் ஒரு வரிகூட வெளியே கொண்டு வராதே, அது அவர்களுடையது. உன் கையால் புதுசாக எழுது, உனக்கு அது முடியும்.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும், தொட்டதெல்லாம் விளங்கட்டும். சம்பந்தத்தோடு கையெழுத்துப் போட்டதும் ஒரு நகல் எனக்கு அனுப்பு, கல்பகத்திடம் காட்டி வைக்கிறேன்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
ரோஸ்லின் ஆண்டனி