நாலு கிலோமீட்டருக்கு எந்த எஞ்சின்

ஆவணி 3, திங்கள்

பஞ்சு மாமா, காலையிலேயே கொளுத்துகிற வெயில். இரும்பு உருக்கும் கம்பெனிப் பக்கமிருந்து காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் கறுப்புப் பொடி. மறுபடி அலசினேன்.

சாம்பார் சாதம், தயிர் சாதம், உருளை வறுவல். ஷேர் ஆட்டோவில் ஏற்றும்போது சாம்பார் குண்டான் சாய்ந்துவிட்டது. என் காலில் கொஞ்சம், சீட்டில் மீதி. "நாளையிலேர்ந்து வேற வண்டி பாத்துக்கோம்மா. சவாரி ஏறுறவன்லாம் பெருங்காயம் நாறுதுன்றான்" என்றார் ஆட்டோக்காரர். தொழிற்பேட்டை எஸ்டேட் கேட்டுக்குப் போவதற்குள் வேலைக்காரர்களில் பாதிப் பேர் சாப்பிடாமலே உள்ளே போய்விட்டார்கள்.

நீ போய் ஏழு மாசம். உன் வேனை எடைக்குப் போட்டு ஐந்து. சின்ன லோடு வண்டி ஒன்று வாங்காமல் இந்தச் சோற்றுத் தொழில் ஓடாது. டீசலா பெட்ரோலா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். திருவள்ளூர் ஷோரூமிலிருந்து இன்றும் போன்.

காலில் கொப்புளம். தேங்காய் எண்ணெய்.

ஆவணி 4, செவ்வாய்

உன் தம்பி சேகர் வந்தான். உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டான்.

"இதுல யோசிக்க இன்னா கீது அண்ணி? டீசல்தான். அண்ணன் இருந்தா பெட்ரோல் வண்டிய வாசல்ல நிக்க வுட்டிருக்குமா?"

உண்மைதான். பெட்ரோல் வண்டி என்றால் பொம்மை வண்டி என்பாய். நான் ஒருநாளும் எதிர்த்துச் சொன்னதில்லை.

"மத்தியானம் வரைக்கும் உங்க சோறு. அப்பறம் நான் நெல்லூர் லைன்ல லோடு ஓட்டிக்கிறேன். வண்டி சும்மா நிக்கக்கூடாது பாருங்க."

சாவி யாரிடம் என்று கேட்டேன்.

"என்னாண்டயே இருக்கட்டும். நீங்க எதுக்கு ஸ்டீரிங்க புடிச்சிக்கினு பேஜாரு."

என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. ஏரிக்கரை ரோட்டில் நீ சொல்லிக்கொடுத்தது. அவனுக்கும் தெரியும். தோசை ஊற்றினேன். நாலு தின்றான், சட்னி கேட்டு வாங்கினான். வேன் போனதிலிருந்து அவனுக்கும் சரியான வேலை இல்லை.

பிள்ளை இல்லாத உனக்குக் கொள்ளி வைத்தது அவன். அந்தக் கையிடம் எப்படி முடியாது என்பது.

ஆவணி 5, புதன்

மேகம். தூறல் இல்லை.

கேட்டில் சாப்பிட வந்தவர்களைக் கேட்டேன். ஆளுக்கு ஒன்று.

"டீசலு எடுக்கா, இழுவை ஜாஸ்தி."

"அவன் பேச்ச கேக்காத. அவன் பொண்டாட்டியே கேக்கறதில்ல. பெட்ரோலு எடு, சத்தமே வராது."

"எத வேணா எடுக்கா. அதுக்காவ சோத்த மட்டும் கொறச்சிடாத."

சிரித்துவிட்டேன். அப்புறம் என்னவோ போல ஆகிவிட்டது. ஏழு மாசத்தில் வாய்விட்டுச் சிரித்தது இதுதான்.

மெக்கானிக் ஷெட்டில் கேட்க வேண்டியவை:
குண்டான் ஐந்து, அடுப்பு, சிலிண்டர், தண்ணீர் கேன். தாங்குமா.
மழைத் தண்ணீரில் போகுமா.
டெல்லியில் டீசல் வண்டிக்குப் பத்து வருஷம்தான் என்கிறார்களே. நம் ஊருக்கும் உண்டா.
பின்னால் விற்றால் எது நல்ல விலைக்குப் போகும்.
கொப்புளத்துக்குக் களிம்பு.
வெங்காயம் 5 கி.

ஆவணி 6, வியாழன்

வியாபாரம் முடித்து மெக்கானிக் தாஸ் ஷெட்டுக்குப் போனேன். உன் வேனைப் பார்த்துக்கொண்ட அதே தாஸ். கேள்விகள் எழுதிய சீட்டை நீட்டினேன். வாங்கவே இல்லை, கையெல்லாம் கிரீஸ்.

"அதெல்லாம் வுடுக்கா. ஒரு நாளைக்கு எவ்ளோ தூரம் ஓடும்?"

இதை யாருமே கேட்கவில்லை, மாமா. நானும் யோசிக்கவில்லை. வீட்டிலிருந்து கேட் நாலு கிலோமீட்டர். வர நாலு. காலை ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை. நடுவில் நிற்கும்.

"அப்போ பெட்ரோலு. இப்போ வர்ற டீசல் வண்டில பொகைய வடிகட்ட ஒரு டப்பா வெச்சிக்கிறான். நல்லா தூரம் ஓடி சூடு ஏறினாதான் அதுல கீற கரி எரியும். நாலு கிலோமீட்டர்ல நிறுத்தி நிறுத்தி எடுத்தா அடச்சிக்கும். மாசத்துக்கு ரெண்டு தபா என்னாண்ட வந்து நிப்ப."

சாயங்காலத்தில் சேகர் நெல்லூர் ஓட்டுவான் என்றேன்.

"அப்போ டீசல் எடு. ஆனா அது சேகர் வண்டி. உன்து இல்ல."

எங்க வீட்டுக்காரர் இருந்தால் டீசல் என்றுதான் சொல்வார் என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"அண்ணன் சொன்னது அண்ணன் வண்டிக்கு. அது நெல்லூர் ஓடின வண்டி. நீ இன்னா நெல்லூருக்கா சோறு எடுத்துக்கினு போற?"

சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டான்.

சேகருக்கு இன்னும் சொல்லவில்லை. போனை எடுத்தேன், வைத்தேன். மூன்று தடவை.

ஆவணி 7, வெள்ளி

கடை லீவு. இரண்டு பஸ் மாறி திருவள்ளூர். சேகர் இஸ்திரி போட்ட சட்டை. வழியெல்லாம் நெல்லூர்ப் பேச்சு. நான் ஜன்னல் பக்கம்.

ஷோரூம்காரர் ஓட்டிப் பார்க்கச் சொல்லி சாவியைச் சேகரிடம் நீட்டினார். நான் நடுவில் கை நீட்டினேன். அவர் சேகரைப் பார்த்தார். சேகர் என்னைப் பார்த்தான். நான் கையை மடக்கவில்லை. கொடுத்துவிட்டார்.

பெட்ரோல் வண்டி. கிளம்பியதே தெரியவில்லை, அவ்வளவு அமைதி. ரோட்டில் ஒரு சுற்று. திரும்பும்போது ஒருமுறை உதறி நின்றது. மறுபடி எடுத்தேன். இறங்கி "பெட்ரோல்" என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

"அப்போ நான் இன்னா அண்ணி பண்றது?" என்றான் சேகர். கோபமாகக்கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தான். செங்குன்றத்தில் வேர்க்கடலை வாங்கினான். திரும்பிப் பார்க்காமலே ஒரு பொட்டலத்தைப் பின்னால் நீட்டினான்.

அவனிடம் சொல்லாத ஒன்று. ஷோரூமில் ஓட்டி முடித்துச் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் நின்றுவிட்டது. ஆனாலும் என் கை தானாக டாஷ்போர்டுக்கு அடியில் போய்த் துழாவியது. "இன்னா தேடறீங்கம்மா?" என்றார் ஷோரூம்காரர். ஒன்றுமில்லை என்றேன். உன் பழைய டீசல் வேன் சாவிக்கு நிற்காது, டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் குமிழை இழுத்தால்தான் எஞ்சின் அணையும். நீ போன அன்று வேனில் ஸ்டீரிங் மேல் சாய்ந்து கிடந்தாய். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. சுற்றி நின்றவர்கள் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். யாருக்கும் தெரியவில்லை. நான் ஓடி வந்து உன் மடிக்கு மேலாகக் கையை விட்டு இழுத்தேன். அத்தோடு எல்லாம் அமைதியாகிவிட்டது.

நான் அதை இழுத்தபோது, மாமா, உனக்கு இன்னும் காது கேட்டுக்கொண்டிருந்ததா?