காது தூங்கவில்லை

மார்ச் 4

அன்புள்ள நர்ஸ் அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். உங்கள் கால்வலி தேவலையா? ஆஸ்துமா முற்றி ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாயோடு கிடந்தபோது என் கையில் பேனாவைத் திணித்து, "வாய் சும்மா இருக்கட்டும், கை பேசட்டும்" என்றீர்களே, அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. எனக்கு எழுதுவதுதான் சுலபம்.

ஆஸ்துமாவுக்குப் பயந்து அம்மா என் படிப்பை நிறுத்தியது நிறுத்தியதுதான். பக்கத்துத் தையல்கடையில் பொத்தான் தைக்கிறேன். இப்போது புதிதாக, மாடிப்படி ஏறினால் மூச்சில் விசில் வருகிறது. "குக்கர் வந்துட்டா, அடுப்பை அணைங்க" என்று அண்ணன் கிண்டல் செய்கிறான்.

யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அன்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து குழாய் போட்டபோது நான் தூங்கவில்லை. கண்ணைத் திறக்க முடியவில்லை, விரலை அசைக்க முடியவில்லை. காது மட்டும் கேட்டது.

இப்படிக்கு,
உங்கள் ஊமைக்கோட்டான்


மார்ச் 11

என் ஊமைக்கோட்டானுக்கு,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன்.

குழாய் போடும்போது இரண்டு மருந்து கொடுப்போம். ஒன்று தூங்க வைக்கும், மற்றது உடம்பை அசையவிடாது. உனக்கு முதல் தடவை குழாய் உள்ளே போகவில்லை. முகமூடி வைத்துக் காற்றுக் கொடுத்து, மறுபடி முயல்வதற்குள் தூக்க மருந்து தெளிந்திருக்கிறது, மற்றது தெளியவில்லை. அசையாமல் கிடந்தாய், தூங்குகிறாய் என்று நினைத்துவிட்டோம். தூக்க மருந்து இன்னொரு முறை போட்டிருக்க வேண்டும். மன்னித்துவிடு, கண்ணு. டாக்டரிடமும் சொன்னேன். உன் கேஸ் ஷீட்டை எடுத்து மறுபடி படித்தார்.

என்ன கேட்டாய் என்று மறைக்காமல் எழுது. அந்த விசில் சிரிக்கிற விஷயம் இல்லை. உடனே வந்து காட்டு, உன் அண்ணனையும் இழுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

டாக்டர், "ஒண்ணும் தெரியலையே" என்றார். நீங்கள், "நான் கழுத்தை அமுக்கிப் பிடிக்கிறேன், இப்ப வழி தெரியுதா பாருங்க" என்றீர்கள். யாரோ, "பாவம், சின்னப் பொண்ணு" என்றார்கள். சரி, அவ்வளவுதான் என்று நினைத்தேன். அம்மாவிடம் சொல்லிக்கொள்ளவில்லையே என்றுதான் இருந்தது. அப்புறம் குழாய் உள்ளே போனதும் ஒருவர், "என் டீயை யாரு குடிச்சது?" என்று கேட்டார். சாகிறவள் பக்கத்தில் நின்று யாரும் டீயைத் தேடமாட்டார்கள் என்று கொஞ்சம் தெம்பு வந்தது. அவரைத் திட்டாதீர்கள்.

நீங்கள் சொன்னபடி வந்து காட்டினோம். அன்று உங்களுக்கு லீவு. குழாய் இருந்த இடம் புண்ணாகி, மூச்சுக்குழாய் சுருங்கிவிட்டதாம். மயக்கம் கொடுத்து விரிக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் இன்னும் சுருங்குமாம். மறுபடியும் அந்த அசையாத உடம்புக்குள் என்னால் போக முடியாது அக்கா. அம்மா அழுதுகொண்டே இருக்கிறாள். நீங்கள் கூட இருந்தால் வருகிறேன். இல்லையென்றால் இல்லை.

உங்கள் ஊமைக்கோட்டான்


மார்ச் 30

கண்ணு,

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நான் அவசரப் பிரிவு. ஆபரேஷன் தியேட்டருக்குள் எனக்கு வேலை இல்லை, விடவும் மாட்டார்கள்.

மயக்க டாக்டரிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். "அந்தப் பொண்ணே சொல்லட்டும், எனக்கு அவகிட்ட கேக்க நிறைய இருக்கு" என்றார். எனக்கு எழுதியதை அவரிடம் உன் வாயால் சொல். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தாயோ, உதைதான்.

அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். முதலில் மயக்க டாக்டரின் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல அம்மா எனக்காகப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். "அம்மா, இரு. நான் சொல்றேன்" என்றேன். அம்மா ஆடிப்போய்விட்டாள்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். தூக்க மருந்து நிற்காமல் நரம்பில் ஏறிக்கொண்டே இருக்குமாம். எவ்வளவு ஆழமாகத் தூங்குகிறேன் என்று பார்க்க நெற்றியில் ஒரு பட்டை ஒட்டுவாராம். "நூத்துக்கு நூறுன்னு வாக்குக் கொடுக்க முடியாதும்மா. ஆனா கண்ணை எடுக்காம பாத்துக்கிட்டு இருப்பேன்" என்றார். நூற்றுக்கு நூறு என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

பயம் போகவில்லை. நாளைக் காலையில் ஆபரேஷன். எனக்குப் பதினெட்டு ஆகாததால் சம்மதத்துக்கு அம்மா கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். அம்மாவுக்குக் கீழே நானும் போட்டேன்.

உங்கள் தங்கை