ஒரு கோடுதான் வந்தது

மார்ச் 9, ஞாயிறு

என் வீட்டுக்காரர் தவறிப்போய் எட்டு மாதம். படியேறினால் பாதியிலேயே மூச்சு வாங்குகிறது. துக்கம்தான், இனி இப்படித்தான் என்று இருந்துவிட்டேன். நான் ஐஸ் கட்டியைக் கடித்துத் தின்பதைப் பார்த்த மகள் கவிதா, ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தால் இப்படித் தின்னத் தோன்றுமாம் என்று சொல்லி, பார்மசியில் இரும்புச்சத்து பார்க்கும் கிட் வாங்கி வந்தாள். விரலில் குத்தி ரத்தம் வைத்தோம். ஒரு கோடுதான் வந்தது.

"பாத்தியா, எனக்கு ஒன்னும் இல்ல லா," என்றேன்.

"ஆமா, பெரிய டாக்டரம்மா! இது கோவிட் கிட் இல்லம்மா. இதுல ஒரு கோடுன்னா சத்து கம்மி. நாளைக்கு கிளினிக் போறோம்."

அவள் முகம் வாடிவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் இல்லாததற்கு மருந்து கிடையாது. இந்தக் களைப்புக்காவது மாத்திரை இருக்குமே. காலையில் என்னை எழுப்பிவிடு என்று எட்டு மாதத்தில் இன்றுதான் அவளிடம் சொன்னேன்.