கால் நீளம் குறைத்துத் தரப்படும்

பேரன்களின் தாத்தாவுக்கு வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

மகனின் துணிக்கடைக்கு வருகிறவர்கள் பேண்ட்டை இடுப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, நீளம் என்று திருப்பி வைத்துப் போனார்கள். "உடனே மடிச்சுத் தைச்சுக் குடுத்தா வாங்குவாங்கடா" என்றேன். மறுநாளே தையல் மெஷின் வாங்கிச் சுவரோரம் போட்டு, என்னை அதில் உட்கார வைத்து, வாசலில் பலகையும் மாட்டிவிட்டான். இப்போது கூட்டம் தாங்கவில்லை. யாராவது பேண்ட் குவியலை நகர்த்தினால்தான் என்னால் எழுந்திருக்க முடிகிறது.

ஊருக்குக் கிளம்புகிறேன் என்றால், "நீ போயிட்டா யாரும்மா தைக்கிறது? இன்னும் ஒரு வருஷம் இரு" என்கிறான். டிக்கெட்டையும் தள்ளிப் போட்டுவிட்டான்.

அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி வாசலில் வாளியும் பாயும் விற்கலாம் என்று உங்களிடம் சொன்னேன். "உனக்கென்னடி தெரியும்?" என்று சிரித்தீர்கள். உங்கள் தம்பி அங்கே கடை போட்டு மாடிவீடு கட்டினார். முப்பத்தோரு வருஷமாகியும் நான் மறக்கவில்லை. நீங்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. இவன் கேட்டான், மாட்டிக்கொண்டேன்.

என் தலையணையை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். "எனக்கு உடம்பு முடியவில்லை, அம்மாவை அனுப்பி வை" என்று அவனுக்கு ஒரு கடிதம் போடுங்கள். அடுத்த ஆள் பேண்ட்டோடு வந்து நிற்கிறார், நிறுத்துகிறேன். இந்த ஒரு தடவையாவது நான் சொல்வதைக் கேளுங்கள்.