முகம் இல்லாத படங்கள்

ஜூலை 8, செவ்வாய். தாம்பரம்.

அண்ணன் சினிமாவுக்காக வரைந்த உடைப் படங்களை எடுத்துப்போக, சினிமா ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அண்ணன் முகம் வரையமாட்டார், உடை மட்டும்தான். பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சும் இல்லை.

“இந்த டிரெஸ் யார் போட்டு நடிச்சது அங்கிள்?”

என்னை விட்டால் யார் சொல்வது? “இதுவா? கோவளத்துல எடுத்த மழைப் பாட்டு. ஹீரோயினுக்கு நான்தாம்மா குடை பிடிச்சேன். அந்த யூனிட்டே என்னை நம்பித்தான் இருந்துச்சு.”

ஒவ்வொன்றுக்கும் ஒரு நடிகை, ஒரு கதை கொடுத்தேன். அவள் படத்தின் பின்னால் பென்சிலால் எழுதிக்கொண்டாள். அண்ணன் இடது கையால் கட்டிலை அடித்தார்.

“சார் என்ன சொல்றாரு?”

“சந்தோஷம்மா அவருக்கு.”

படங்கள் காரில் போய்விட்டன. கஞ்சி ஊட்டும்போது, “எதுண்ணே தப்பாச் சொன்னேன்?” என்று கேட்டேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டார். எல்லாமே என்கிறாரா?

காலையில் அந்தப் பெண்ணுக்குப் போன் பண்ணி, எழுதியதை அழிக்கச் சொல்லலாம். அழித்துவிட்டு என்ன எழுதச் சொல்வது?