மாதா எங்கள் வாசலில் குனிந்தாள்

சிசிலி,
ஆகஸ்ட் 16

தூரின் நகரில் இருக்கும் என் அன்புத் தோழி நுன்சியாவுக்கு, எதிர்வீட்டு அகதினா எழுதுவது. உன் அக்கா வீட்டில் உன்னை நன்றாக வைத்துக்கொள்கிறார்களா? விளக்கைப் போடாமல் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று மாதா திருவிழா. ஊர்வலத்தில் தூக்கி வரும் மாதா சுரூபம் எப்போதும் டான் கஸ்பாரே வீட்டு முன்தான் நின்று குனியும். ஊரை மிரட்டி ஆள்பவனுக்கு மாதாவே வணக்கம் சொல்வது நம் ஊரின் வெட்கங்கெட்ட வழக்கம்தானே. நான் பால்கனியில் நல்ல படுக்கைவிரிப்பைத் தொங்கவிட்டிருந்தேன். என் மகன் லில்லோவின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றபோது உன் கணவர் சாரோ கொடுத்த விரிப்பு.

சுமந்து வந்தவர்கள் இந்த வருடம் நம் சந்தில் திரும்பினார்கள். எங்கள் வாசலில் நின்று மாதாவை மூன்று முறை குனிய வைத்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. டான் கஸ்பாரே வந்து என் கையை முத்தமிட்டு, "பெத்தா இப்படி ஒரு புள்ளையைப் பெறணும், தாயே" என்றான்.

உள்ளே போய் லில்லோவைப் பிடித்து உலுக்கினேன். "என்னடா பண்ணினே?" என்று கேட்டேன். சிரித்தான்! "தெரியாத மாதிரி கேக்கிறியே! அன்னிக்கு நீ ஜன்னல்ல நின்னதை நான் பாத்தேன். போலீஸ்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ. நீதாம்மா என்னைக் காப்பாத்தினே" என்றான்.

எனக்குத் தெரியாது, நுன்சியா. சத்தியமாகத் தெரியாது. மார்ச்சில் சாரோவை ரொட்டிக் கடை வாசலில் சுட்டபோது நான் பார்த்தது மோட்டார் சைக்கிளில் போன ஹெல்மெட்காரனைத்தான். டான் கஸ்பாரேக்கு எதிராக நீதிமன்றத்தில் வாய் திறந்த மனிதருக்கே அந்தக் கதி என்றால் எனக்கு என்ன ஆகுமோ என்று பயந்தேன். கத்தரிக்காய் வறுத்துக்கொண்டிருந்தேன், எதையும் பார்க்கவில்லை என்று போலீசிடம் சொன்னேன். நீ என் கையைப் பிடித்துக் கேட்டபோதும் அதையே சொன்னேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். நம் ஊரில் இருக்கிறது, நானும் போட்டுக்கொண்டேன். சாரோவின் சவப்பெட்டியை முன்னால் நின்று தூக்கியவன் அல்லவா லில்லோ, அந்தப் பாவி!

இந்தக் கடிதத்தை நீதிபதியிடம் கொடு. கூப்பிட்டால் வந்து எல்லாவற்றையும் சொல்வேன். நாளைக்கே நான் போன் செய்து, இதைக் கிழித்துப் போடு என்று உன்னிடம் அழலாம். கேட்காதே. உன் காலைப் பிடிக்கிறேன், நான் சொல்வதைக் கேட்காதே.

மாதா உன்னைக் காக்கட்டும்.

லில்லோவைப் பெற்றவள்,
அகதினா